சித்தப்பாவின் படத்துக்குக் கீழே ஐந்து புள்ளடி

அந்தத் தாளில் இடப்பக்கம் கேள்விகள், வலப்பக்கம் இரண்டு வரிசையாகச் சின்னச் சின்னப் பெட்டிகள். ஒரு வரிசை ஆம், மற்றது இல்லை. விளையாட்டுக் கழகத்தில் சேருகிறவர்கள் ஒவ்வொரு செப்டெம்பரிலும் நிரப்பிக் கொடுக்க வேண்டிய உடல்நலத் தாள் அது. எங்கள் வீட்டில் தாள் என்று ஒன்று வந்தால் அது என்னிடம்தான் வரும். அப்பாவும் அம்மாவும் மன்னாரிலிருந்து வந்தவர்கள். பிரெஞ்சில் பேசிச் சமாளிப்பார்கள், ஆனால் கையெழுத்து வைக்கிற எதையும் தொடப் பயப்படுவார்கள். பன்னிரண்டு வயதிலிருந்து எழுத்து வேலை எல்லாம் பார்க்கிற வீட்டுக் கந்தோர் நான்தான். தேவையில்லாமல் ஓம் என்று போட்டால் திரும்பக் கூப்பிட்டு விசாரிப்பார்கள், ஆனபடியால் சந்தேகம் வந்தால் இல்லை என்றே போடு என்பது அம்மா எனக்குச் சொல்லித்தந்த சட்டம். ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் எங்கள் இரண்டு அறை வீட்டின் சாப்பாட்டு மேசையில், சித்தப்பாவின் படத்துக்கு நேர் கீழே இருந்துதான் தம்பிக்காக அந்தத் தாளை முதன்முதலில் நிரப்பினேன். அவனுக்கு அப்போது பதினேழு வயது. தோளில் பையை மாட்டிக்கொண்டு, "எல்லாத்துக்கும் இல்லை எண்டு போடு அக்கா, ட்ரெயின் போகப்போகுது" என்று வாசலில் நின்று காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

அவன் அவசரப்படுத்தினான் என்பதற்காக நான் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பவில்லை. எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஒவ்வொரு கேள்வியையும் வாசித்தேன். உங்கள் குடும்பத்தில் யாராவது இதய நோயாலோ காரணம் தெரியாமலோ திடீரென்று இறந்ததுண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. நான் தலையை நிமிர்த்திச் சித்தப்பாவைப் பார்த்தேன். அப்பாவின் ஒரே தம்பி, இருபத்திநாலு வயதில் ஊரில் செத்துப்போனவர். ஸ்டூடியோக்காரன் ஏதோ ஒரு படத்திலிருந்து தலையையும் தோளையும் மட்டும் வெட்டியெடுத்து, பின்னால் நீல நிறம் பூசிச் சட்டம் போட்டுக் கொடுத்திருந்தான். அவர் எப்படிச் செத்தார் என்று நான் யாரையும் கேட்டதில்லை. சண்டை நடந்த அந்த வருடங்களில் எங்கள் ஊரில் இருபத்திநாலு வயதில் ஒருவர் செத்தால் காரணம் கேட்கவா வேண்டும்? நவம்பரில் மாதா கோயிலில் நடக்கிற, இறந்த ஆத்துமாக்களுக்கான பூசைக்கு அப்பா எழுதிக் கொடுக்கிற பெயர்களில், ஷெல் விழுந்து செத்த பெரியம்மாவுக்கும் கடலில் சுடப்பட்ட மாமாவுக்கும் நடுவில் அவருடைய பெயரும் வரும். எனக்கு அது போதுமாக இருந்தது. காரணம் தெரியாத சாவு எங்கள் வீட்டில் இல்லை என்று முடிவு செய்து, இல்லை என்ற பெட்டியில் அழுத்தமாக ஒரு புள்ளடி போட்டேன்.

தம்பி அமெரிக்கக் கால்பந்துக்குப் போனதற்கே அப்பாதான் காரணம். எங்கள் பகுதியான லா ஷப்பலில் எங்கள் பெடியள் எல்லாரும் பந்தடித்துத்தான், அதாவது காலால் உதைக்கிற சாதாரணக் கால்பந்து ஆடித்தான் வளர்ந்தார்கள். தமிழ்ச் சங்கங்கள் ஊருக்கு ஓர் அணி வைத்து ஞாயிற்றுக்கிழமைகளில் கோப்பைக்கு அடிபடுவார்கள். தம்பியை மட்டும் அப்பா விடவில்லை. அதட்டத் தெரியாத மனிதர், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் மலை மாதிரி நின்றார். பத்து வயதில் அவன் வாங்கிவந்த பந்தடிச் சப்பாத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்தார். படிப்புக் கெட்டுவிடும் என்று பயப்படுகிறார் என நாங்கள் நினைத்தோம். பிறகு பள்ளிக்கூடத்துக் கூட்டாளி ஒருவன் லா கூர்னெவில் இருந்த கழகத்துக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனான். ஹெல்மெட்டும் தோளுக்குப் பெரிய கவசமும் போட்டு விளையாடுகிற விளையாட்டு, பந்தைக் கையால் பிடிக்கிறார்கள் என்று நான் அப்பாவுக்கு விளங்கப்படுத்தினேன். "அது பந்தடி இல்லைத்தானே? சரி, போகட்டும்" என்றார்.

அவன் ஆடிய இடத்துக்கு டைட் எண்ட் என்று பெயர். ஒவ்வொரு ஆட்டத்தையும் எதிரெதிராகக் குனிந்து நிற்கிற ஆட்களின் வரிசையில் தொடங்குவார்கள். அந்த வரிசையின் ஓரத்தில் நிற்பவன் இவன். சில தடவை எதிரே வருகிறவனைத் தோளால் முட்டித் தடுக்க வேண்டும், சில தடவை தடுப்பதுபோல் காட்டி நழுவி ஓடிப் பந்தைப் பிடிக்க வேண்டும். சுமக்கிறவனும் அவனே, ஓடுகிறவனும் அவனே. கைதட்டல் மட்டும் பெரும்பாலும் வேறு ஆளுக்குப் போகும். எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஏற்ற இடம்தான் என்று நான் நக்கலடிப்பேன். ரூ பெர்தொனேயில் நான் வேலை செய்கிற நகைக்கடைக்கு வருகிற சனம், "மோட்டர்சைக்கிள் இல்லாமல் ஹெல்மெட் போட்டுக்கொண்டு திரியிறது உங்கட தம்பிதானே?" என்று கேட்டுச் சிரிக்கும். அவனும் சேர்ந்து சிரிப்பான். ஆறடி இரண்டு அங்குலம் வளர்ந்தவனுக்கு யாரோடும் கோபம் வராது.

ஐந்து வருடம் லா கூர்னெவில் ஆடினான். ஐந்து செப்டெம்பரிலும் தாளை நான்தான் நிரப்பினேன். கலியாணம் முடித்துப் பக்கத்துத் தெருவுக்குப் போன பிறகும், அதற்கென்று வந்து அதே மேசையில் இருந்து எழுதினேன். பிறகு ஜெர்மனியில் ஒரு கழகம் அவனைச் சம்பளத்துக்கு எடுத்தது. அங்கே போனதும் தன் தாளைத் தானே நிரப்பப் பழகிக்கொண்டான், நான் போட்ட விடைகளை அப்படியே பார்த்துப் போட்டான். நாலு பருவம் ஆடினான். முதல் வருடம் முட்டுகிற வேலை மட்டும் கொடுத்தார்கள், மூன்றாம் வருடம் பந்தும் கொடுத்தார்கள். அவனுடைய இலக்கம் போட்ட சட்டையோடு ஒரு ஜெர்மன்காரக் கிழவர் நிற்கிற படத்தை எனக்கு அனுப்பியிருந்தான், நான் அதைக் கடையில் எல்லாருக்கும் காட்டினேன். அப்பா ஒரேயொரு முறை மட்டும் ஆட்டம் பார்க்க வந்தார், அதுவும் லா கூர்னெவில் ஆடிய காலத்தில். ஆட்கள் மோதி விழுகிற ஒவ்வொரு தடவையும் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார். விழுந்தவன் எழும்பிய பிறகு, "எழும்பிட்டானோ?" என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் திரும்பினார். பாசக்கார மனிதர் என்று நினைத்து அதற்கும் நான் சிரித்தேன்.

நாலாவது பருவம் முடிந்தபோது அமெரிக்காவிலிருந்து ஒரு தொழில்முறை அணி அவனைப் பயிற்சி முகாமுக்கு அழைத்தது. எடுப்பார்களோ விடுவார்களோ, பார்க்கக் கூப்பிட்டார்கள். எங்களுக்கு அதுவே பெரிய காரியம். அம்மா கோயிலில் நேர்த்தி வைத்தாள். அவன் போய் மூன்றாம் நாள், ஒரு பின்னேரம், ஒரு பெண்ணுக்குத் தாலிக்கொடி காட்டிக்கொண்டு நிற்கும்போது தொலைபேசி அடித்தது. அங்கே அப்போது காலை. "அக்கா, இஞ்சை நெஞ்சை ஸ்கான் பண்ணினவை. டொக்டர் ஒரு கேள்வி கேக்கிறார். எங்கட குடும்பத்தில ஆரும் காரணம் தெரியாமல் திடீரெண்டு செத்தவையோ?" எனக்குப் பாடமான கேள்வி. யோசிக்காமல், "இல்லையடா" என்றேன். "அப்பாட்டையும் ஒருக்காக் கேளக்கா. இந்த மனிசன் விடுறானில்லை" என்றான்.

முதலாளியிடம் பத்து நிமிடம் கேட்டுக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போனேன். அப்பா காலை வேலை முடிந்து வந்து, குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். ஒப்புக்குக் கேட்கிற குரலில்தான் கேட்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்ர தம்பிதான். உன்ர சித்தப்பா."

"சித்தப்பா சண்டையில எல்லோ செத்தவர்?"

"ஆர் சொன்னது? கோயில் வளவில பந்தடிச்சுக்கொண்டு நிண்டவன். ஆரும் தொடவும் இல்லை. அப்பிடியே விழுந்தான். நான்தான் முதல் ஓடிப்போய்த் தூக்கினனான்."

குசினி வாசலில் நின்றபடி அந்தப் படத்தைப் பார்த்தேன். நீலப் பின்னணியில் இருந்த அந்த முகத்துக்குக் கீழே இருந்து ஐந்து முறை புள்ளடி போட்டவள் நான். அந்த மனிதர் என் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்க, இப்படி ஒருவர் எங்களுக்கு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான். ஒன்பது வருடம், ஒவ்வொரு வாரமும், நூறு கிலோ ஆட்களைத் தோளால் முட்டிக்கொண்டு தம்பி ஓடியது ஒவ்வொன்றாகக் கண்ணுக்குள் வந்தது. "ஏனப்பா சொல்லேல்லை?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். அப்பா கத்தியை வைத்தார். கை கழுவினார். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு ஏதோ விளங்கியது. "ஏன், தம்பிக்கு என்ன?" என்றார். அந்தக் குரலை நான் இனி ஒருநாளும் மறக்கப்போவதில்லை.

சித்தப்பாவுக்கு இருந்திருக்க வேண்டியதே தம்பிக்கும் இருந்தது. இதயத்தின் தசை தேவைக்கு மேல் தடித்திருந்தது. பரம்பரையாக வருவது, ஓடும்போது சொல்லாமல் கொள்ளாமல் ஆளை நிறுத்திவிடக்கூடியது. அன்றைக்கே அவனுடைய ஆட்டம் முடிந்தது. முகாமின் உடுப்பைப் போட்டு ஒரு படம் எடுக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. அவன் திரும்பி வந்த அன்று அப்பா ஒரு பழைய தபால் உறையைத் திறந்து, வெட்டாத முழுப் படத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பதினொரு பெடியள் வரிசையாக நிற்கிறார்கள். வரிசையின் ஓரத்தில் சித்தப்பா, காலுக்குக் கீழே பந்து. "ஊரில ஒவ்வொரு வீட்டிலையும் பிள்ளையள் செத்ததுக்கு ஒரு காரணம் இருந்தது. இவன் சும்மா செத்தான். சும்மா செத்தான் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. நீங்கள் சண்டை எண்டு நினைச்சீங்கள், நானும் விட்டிட்டன்" என்றார். எனக்கு அவர்மேல் இருந்த ஆத்திரம் அப்போதும் தீரவில்லை. ஆனால் மகனைப் பந்தடிக்க விடாமல் தடுத்து, அதற்குப் பதிலாக இன்னும் பொல்லாத விளையாட்டுக்குத் தன் வாயாலேயே அனுப்பிவைத்த மனிதரிடம் நான் என்னத்தைச் சண்டை பிடிப்பது?

தம்பியின் நெஞ்சில் இப்போது ஒரு சின்னக் கருவி வைத்திருக்கிறார்கள். இதயம் தடுமாறினால் அது உள்ளேயே அடித்து எழுப்பும். லா கூர்னெவில் ஒரு கிடங்கில் கணக்கர் வேலை பார்க்கிறான். சுமை தூக்க விடமாட்டார்கள். அவனிடம் மன்னிப்புக் கேட்க எனக்குப் பல மாதம் எடுத்தது. கார் து நோர் ஸ்டேஷனில் ட்ரெயினுக்கு நிற்கும்போது ஒருநாள் சொல்லிவிட்டேன். ஐந்து முறையும் நான்தான் பிழை விட்டனான், வாசித்துப் பார்த்தே பிழை விட்டனான் என்றேன். அழுகிறான் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தால் அவன் சிரிக்கிறான். "அக்கா, நீ அண்டைக்கு ஓம் எண்டு போட்டிருந்தால் நான் ஒரு நாளும் விளையாடியிருக்க மாட்டன். ஒன்பது வருஷம். நீ தந்ததுதான்" என்றான். பிறகு பிரெஞ்சில் நன்றி சொன்னான். அவன் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த நன்றிதான் என்னை உலுக்கிப் போட்டது. ட்ரெயின் வந்தது, அவன் ஏறிப் போனான், நான் அந்த மேடையிலேயே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. இன்றைக்கும் அந்த நன்றியை வாங்கிக்கொள்ள எனக்குக் கை வரவில்லை.

எங்கள் எல்லாரையும் பரிசோதித்தார்கள். எனக்கும் என் மகளுக்கும் இதுவரை ஒன்றுமில்லை என்றார்கள். இதுவரை என்ற சொல்லை டொக்டர் இரண்டு தடவை சொன்னார். மகளுக்கு எட்டு வயது. இந்த செப்டெம்பரில் கைப்பந்துக் கழகத்தில் சேர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். தாளும் வந்தது. அதே இரண்டு வரிசைப் பெட்டிகள். அப்பா வீட்டுக்கு எடுத்துப் போய் அந்த மேசையிலேயே இருந்து எழுதினேன். மேலே இப்போது வெட்டாத படம் தொங்குகிறது. அந்தக் கேள்விக்கு வந்ததும் பேனா நின்றது. "எனக்கு ஒண்டும் இல்லையே, அம்மா" என்று மகள் பிரெஞ்சில் சொன்னாள். இல்லை என்று போட்டால் நாளைக்கே அவள் கூட்டாளிகளோடு ஓடுவாள். ஓம் என்று போட்டால் மீண்டும் டொக்டர், மீண்டும் சான்றிதழ். முதல் ஆட்டங்களுக்கு அவள் வெளியே இருந்து பார்க்க வேண்டும். பிறகும் விடுவார்களோ தெரியாது. தம்பியின் ஒன்பது வருடத்தை நினைத்தேன். படத்தின் ஓரத்தில் நிற்கிறவரை நினைத்தேன்.

ஓம் என்ற பெட்டியில் புள்ளடி போட்டேன். மகள் பேனாவைத் தட்டிவிட்டு, அழுதுகொண்டே உள்ளே போனாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு ஒரு சொல் பேசவில்லை. இரண்டு நாளும் எங்கள் வீட்டில் நான் அவளுடைய அறைக் கதவுக்கு வெளியே போய்ப் போய் நின்றேன். உள்ளே அவள் கோபமாக மூச்சு விடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.