மைனருக்கு வாங்கிய பெட்டரி

கட்டுக்கதை கேட்க வந்தவர்கள் வேறு பக்கம் புரட்டிக்கொள்ளுங்கள். இது கண்டிக்குப் பக்கத்து வத்தேகமயில், ஹபீல் நானாவின் வீட்டு முற்றத்தில் நடந்தது. அவரோடு நின்று பார்த்த இன்னொரு ஆளும் உயிரோடுதான் இருக்கிறார். போய்க் கேட்டால் இருவருமே பேச்சை மாற்றுவார்கள். அதுவே போதாதா?

ஹபீலைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அவித்த முட்டையைக்கூட உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்கிற மனுஷன். அவருக்கு ஒரே மகள், நுஸ்ஹா. மாப்பிள்ளை வெளியாள் இல்லை. ஹபீலின் மனைவி மஸாஹிராவுடைய தம்பி தாஸிமின் மகன் ருஷ்திதான். கல்யாணத்துக்கு மைனர் காரில்தான் போவேன் என்று மகள் கேட்டுவிட்டாள். ஹபீலும் பன்வில பக்கம் ஒரு பங்களாவில் கிடந்த நீல நிற மொரிஸ் மைனரை வாங்கி வந்தார். எஞ்சின் நல்லது. பெட்டரி மட்டும் இல்லை.

தாஸிமுக்குக் கண்டியில் வாகன உதிரிப்பாகக் கடை. அங்கேதான் பெட்டரி பார்க்கப் போனார்கள். ஹபீல் பெரியதாக ஒன்றைத் தூக்கினார். தாஸிம் சின்னதாக ஒன்றை எடுத்து வைத்தார்.

"மைனர்ல பெட்டரி வெக்கிற தட்டு சின்னன் மச்சான். பெரிசு போட்டா பொனட் மூடாது. மத்தது, இதுக்கு பொசிட்டிவ் வயரத்தான் காருட பொடித் தகட்டுல மாட்டணும். புதுக் காருகளுக்கு நேர் மாத்தம்."

ஹபீல் தலையாட்டினார். மனசு தலையாட்டவில்லை. பெரியதை விட்டுவிட்டு ஏன் சின்னதைத் தலையில் கட்டுகிறான்? விற்காமல் கிடந்த சரக்கோ? ஆனாலும் சின்னதையே வாங்கி வந்து மாட்டினார்.

மறுநாள் விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு வந்து சாவியைத் திருப்பினார். டிக்... ஒரு சத்தம். அவ்வளவுதான். பெட்டரி சுத்தமாக இறங்கியிருந்தது.

தாஸிம் வந்து வேறொன்று மாட்டினார். பெட்டரிக்கும் வயருக்கும் நடுவே ஒரு பல்பை வைத்துப் பார்த்தார். எங்காவது கரண்ட் கசிந்தால் அது எரிய வேண்டும். எரியவில்லை. கார் சுத்தம்.

அடுத்த சுபஹு. டிக்...

"ஒன்ட தம்பி பழைய பெட்டரிக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டித் தாரான்" என்றார் ஹபீல் மனைவியிடம். மஸாஹிரா அழுதாள். நாக்குக்கு நரம்பில்லையே, அந்தப் பேச்சு பகலுக்குள் கண்டிக்குப் போய்ச் சேர்ந்தது. தாஸிமின் பதிலும் வந்தது. என்னைக் கள்ளன் என்று நினைக்கிற வீட்டில் என் மகனுக்கு எப்படிப் பெண் எடுப்பேன்?

நுஸ்ஹா அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு நாள்.

அதற்கும் ஹபீல் அசையவில்லை. குற்றத்தைக் கையும் களவுமாகப் பிடித்துக் காட்டினால் எல்லோர் வாயும் அடையும் என்று கணக்குப் போட்டார். கண்டிக் கடைக்குப் போய் மூன்றாவதாக ஒரு பெட்டரியைத் தானே எடுத்தார். தாஸிமையும் கையோடு கூட்டி வந்தார். ஆனால் காரில் மாட்டவில்லை. விறாந்தையில், தான் உட்காரும் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தார். தான் வாங்கிய வோல்ட் மீட்டரை அதில் கொழுவினார். முள் பன்னிரண்டைத் தாண்டி நின்றது.

"இப்ப காருல பெட்டரி இல்ல. இது இறங்கினா பெட்டரியில கள்ளம். சரியா?"

தாஸிம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்தி சாய்ந்து மஃரிப் பாங்கு சொன்னார்கள். இருவரும் அங்கேயே தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். தூறல். பனிமூட்டம் முற்றத்துக்கே இறங்கியிருந்தது. காரின் முகம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

டக்.

காருக்குள்ளிருந்து வந்தது.

டக்... டக்...

தாஸிமுக்கு அது என்ன சத்தம் என்று தெரியும். மைனரில் லைட்டை ஏற்றி இறக்குகிற பட்டன் தரையில் இருக்கும். ஓட்டுகிறவர் இடது காலால் மிதிக்க வேண்டும்.

லைட் எரிந்தது.

இரண்டும்.

தூரம்... கிட்ட... தூரம்... கிட்ட...

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே இருட்டே இல்லை. முற்றம் முழுக்க வெளிச்சம்.

"மச்சான்" என்றார் தாஸிம். "மீட்டரப் பாருங்க."

முள் இறங்கிக்கொண்டிருந்தது.

பத்து... எட்டு...

பெட்டரியிலிருந்து காருக்கு ஒரு வயர்கூட இல்லை. ஹபீல் அதைத் தொட்டுப் பார்த்தார். சுட்டது.

ஐந்து...

டக்.

லைட் அணைந்தது.

ஹபீல் மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்பு செய்ங்க" என்றார். தாஸிம் கையை விடுவிக்கவில்லை. கல்யாணம் முறியாமல் தப்பியது.

விடிந்ததும் ஹபீல் பன்வில பங்களாவைப் பார்த்துக்கொள்கிற சந்திரகுமாருக்குப் போன் போட்டார். ஏமாற்றி விற்றுவிட்டாய் என்று ஏசத்தான் போட்டார். சந்திரகுமார் ஏச்சு முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"நானா, டயரு, எஞ்சினு, வண்டிப் புத்தகம், எல்லாம் தோண்டித் தோண்டிக் கேட்டீங்க. ஏன் விக்கிறீங்கன்னு மட்டும் கேக்கல."

பிறகு சொன்னார்.

"பங்களா பெரிய ஐயா தன்னோட மகள கல்யாணத்துக்கு இதுலதான் கூட்டிட்டுப் போனாரு. மலை வளைவுல பெட்டரி எறங்கி நின்னுபோச்சு. லைட்டுக்கு மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. சரியான மூடுபனி. லைட்ட ஏத்தி எறக்கிக்கிட்டே இரும்மா, வர்ற வண்டிக்குத் தெரியட்டும், நான் பெட்டரி வாங்கிட்டு வர்றேன், அதுவரைக்கும் நிறுத்தாதன்னு சொல்லிட்டுப் போனாரு. ரோட்டோரத்துலயே ஒரு கடை இருந்துச்சு. ஐயாவுக்கு அந்தக் கடைக்காரன் மேல சந்தேகம். அடுத்த கடை. அங்கயும் சந்தேகம். கடை கடையா ஏறி எறங்கினாரு..."

"பொறகு?"

"அவரு வர்றப்ப லைட்டு அணைஞ்சிருந்துச்சு. லொறி வந்து அடிச்சிட்டுப் போயிருச்சு. புள்ள உள்ளயே முடிஞ்சிருச்சு. புதுப் பெட்டரி ஐயா தோள்ல இருந்துச்சு நானா. அதக் கீழ வைக்கக்கூடத் தெரியாம நின்னாரு."

போனை வைத்துவிட்டு ஹபீல் வத்தேகம பஜாருக்கு நடந்தார். கண்ணில் பட்ட முதல் கடைக்குள் நுழைந்து, மைனருக்கு ஒரு பெட்டரி தாங்க என்றார். திருப்பிப் பார்க்கவில்லை. விலை குறைக்கவில்லை. வாழ்நாளில் முதல் தடவை. தோளில் சுமந்து வந்து, பொனட்டைத் திறந்து, பொசிட்டிவ் வயரைப் பொடியில் மாட்டினார்.

"கொண்டு வந்துட்டேன் மகள்" என்றார் காரைப் பார்த்து. கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டார்.

அன்று மஃரிபுக்கு லைட் எரியவில்லை. டக் என்ற சத்தமும் இல்லை. பெட்டரி இறங்கவில்லை. நுஸ்ஹாவைத் தாஸிமின் வேனில் அனுப்புவதென்று முடிவாயிற்று. இரண்டு மூன்று நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் எல்லோரும் நன்றாகத் தூங்கினார்கள்.

கல்யாணத்தன்று சுபஹுக்கு ஹபீல் முற்றத்துக்கு வந்தார்.

காரின் ஓட்டும் பக்கக் கதவு திறந்து கிடந்தது.

சாவி அவர் பையில்தான் இருந்தது.

முற்றத்துச் சீமெந்தில் ஈரக் காலடிகள். சின்னக் கால். வெறுங்கால். காரிலிருந்து இறங்கி நடந்திருந்தது.

கேட்டை நோக்கி அல்ல.

விறாந்தை ஏறி... கூடத்தைக் கடந்து... நுஸ்ஹாவின் அறை வாசலோடு நின்றிருந்தது. திரும்பிப் போன தடம் எங்கேயும் இல்லை.