ஓர் எழுத்துக்கு இரண்டு இடம்

ஹோ நகரத்தில் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் சின்ன நிறுவனம் எங்களுடையது. யாய்ராவும் நானும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. பதினோரு வருடங்களாக, யாரோ எழுதிவிட்டுப் போன நிரல்களைச் சரிசெய்வதுதான் அவள் வேலை. அலுத்துப் போயிருந்தாள்.

ஒரு மருத்துவமனையில் ரத்தக் குப்பிகளில் ஒட்டும் சீட்டில் சில பெயர்கள் வால் அறுந்து அச்சாயின. யாய்ரா சொன்னபோது முதலாளி கோமி, நர்ஸுகள்தான் பேனாவால் எழுதிச் சேர்த்துக்கொள்கிறார்களே என்றார். அவளும் நேரமில்லை என்று விட்டுவிட்டாள். நான்கு மாதம் போயிற்று.

Agbɔ குடும்பத்துச் சகோதரிகள் Sena, Senam இருவரும் ஒரே காலையில் காய்ச்சலோடு போனார்கள். Senam-இன் குப்பியில் 'Agbɔ Sena' என்று அச்சானது. Sena-வின் குப்பியில் 'Agbɔ Sen'. நர்ஸ் அஃபி வழக்கம்போல அரைகுறையாக இருந்ததை 'Senam' என்று எழுதி முடித்தாள். மலேரியா இருந்தது பெரியவள் செனாமுக்கு. மாத்திரை போனது சின்னவள் செனாவுக்கு. மூன்றாம் நாள் செனாமை வலிப்போடு தூக்கி வந்தார்கள். பிழைத்துக்கொண்டாள், பதினெட்டு நாள் படுக்கையில் கிடந்து.

அஃபியை ரத்தப் பரிசோதனை ஆய்வக வேலையிலிருந்து விலக்கினார்கள்.

அன்றுதான் யாய்ரா நிரலைத் திறந்தாள். பெயரை வாங்கும் பகுதி பைத்தான் மொழியில் எழுதியது. அச்சிடும் பகுதி சி மொழியில் எழுதிய பழசு. பைத்தான் பெயரைக் கொடுத்து எழுத்துகளின் எண்ணிக்கையைச் சொல்கிறது. சி அதையே பைட் கணக்கு, அதாவது கணினியில் பிடிக்கும் இடத்தின் கணக்கு, என்று எடுத்துக்கொள்கிறது. எங்கள் எவே மொழியின் ɔ பார்ப்பதற்கு ஓர் எழுத்து, பிடிப்பதோ இரண்டு பைட். அந்த ஒன்று குறைந்து, கடைசி எழுத்து விழுந்துவிடுகிறது. பைட்டை எண்ணிச் சொல்லும்படி ஒரே வரியை மாற்றினாள். இருபது நிமிட வேலை.

"இருபது நிமிஷம்டா," என்றாள் என்னிடம். "நாலு மாசமா நேரமில்லன்னு சொல்லிட்டிருந்தேன்."

நடந்ததை எழுதி மருத்துவமனைக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னபோது கோமி நிமிரவே இல்லை.

"கையால எழுதினது அந்தம்மா. நாம ஏன் வாயக் குடுக்கணும்?"

"பேனாவப் பிடிக்க வெச்சதே நாமதாண்ணே."

அவர் தடுக்கவில்லை, கையெழுத்தும் போடவில்லை. தன் பெயரிலேயே எழுதி, வெயிலில் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அஃபி திரும்ப வேலைக்கு வந்தாள். யாய்ரா அங்கே போனபோது, "இனிமே பேரு முழுசா வருமா?" என்று மட்டும் கேட்டாள்.

"வரும்க்கா."

"வந்தாலும் நான் ஆளக் கூப்பிட்டுக் கேட்டுட்டுத்தான் ஒட்டுவேன்."

அந்த மருத்துவமனை அடுத்த மாதமே எங்களை விட்டுப் போய்விட்டது. கோமி யாய்ராவைத் திட்டவில்லை. பிறகு வேறோர் ஊரின் பழைய நிரல் ஒன்றை அவளுக்கு அனுப்பினார். அவள் மத்தியானச் சாப்பாட்டு அக்ப்லேக் களியைப் பாதியில் மூடி வைத்துவிட்டு, அதைத் திறந்து முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.