படிக்குப் படி மஞ்சள்

திருவொற்றியூரில் நான் வேலை பார்த்த வார்ப்படப் பட்டறைக்கு ஒரு டாக்டர் இருந்தார். எப்போதாவது வந்து, மேஸ்திரி வாங்கிக் கொடுக்கும் காப்பியைக் குடித்துவிட்டுப் போவார். எங்கள் உடம்பைப் பரிசோதிக்கிற வேலையைத் திருப்பதி மலை பார்த்துக்கொண்டது.

வருஷா வருஷம் புரட்டாசியில் மேஸ்திரி எங்களை மலைக்கு அழைத்துப் போவார். கட்டாயம் என்று யாரும் சொன்னதில்லை. வராதவன் எவனும் பர்மனென்ட் ஆனதில்லை, அவ்வளவுதான். அலிபிரி அடிவாரத்தில் தேங்காய் உடைத்து, சூடம் கொளுத்தி, கோவிந்தா போட்டு எங்களைப் படியேற்றிவிட்டு, தான் மட்டும் பஸ் பிடித்து மேலே போய்விடுவார். முழங்காலில் வாதமாம். மேலே படி முடிகிற இடத்தில் துண்டை விரித்து உட்கார்ந்து, எவன் எந்த லட்சணத்தில் வந்து சேருகிறான் என்று பார்ப்பார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவனுக்கு ஊர் திரும்பியதும் சீட்டு கிழிந்துவிடும். மலை ஏற முடியாதவன் எப்படி மண் தட்டுவான் என்று கேட்பார். பஸ்ஸில் வந்த மனிதர் கேட்கிற கேள்வி இது.

மண் தட்டுவதுதான் எங்கள் வேலை. உருக்கி ஊற்றிய இரும்பு ஆறியதும், அதைச் சுற்றியிருக்கும் அச்சு மண்ணைச் சம்மட்டியால் அடித்து உதிர்க்க வேண்டும். உதிர்கிற தூளில் பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியாது. இதற்கு மருந்தாக ஆளுக்கு ஒரு துண்டு வெல்லம் கொடுத்தார்கள். வெல்லம் தின்றால் தூசி நெஞ்சில் தங்காமல் வயிற்றுக்குப் போய்விடும் என்றார்கள். வயிற்றுக்குப் போனால் அங்கே என்ன செய்யும் என்று கேட்கிற அளவுக்கு நாங்கள் படித்தவர்கள் இல்லை.

என்னோடு சேர்ந்து மண் தட்டியவன் ஒரு கல்மண்டபத்துக்காரன், என் தோஸ்து. மலையிலும் நாங்கள் ஜோடிதான். எந்தத் திருப்பத்தில் குரங்கு பையைப் பிடுங்கும், எந்தக் கடை மோரில் தண்ணீர் அதிகம் என்பதெல்லாம் எங்களுக்கு அத்துப்படி. படி பூஜை செய்கிற பெண்களைக் கண்டால் அவனுக்கு ஒரே கொண்டாட்டம். அந்தப் பெண்கள் ஒவ்வொரு படியிலும் குனிந்து மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, தொட்டுக் கும்பிட்டுத்தான் அடுத்த படிக்குப் போவார்கள். இவன் அவர்களைத் தாண்டித் தாவிக்கொண்டே, இவர்கள் போய்ச் சேருவதற்குள் பெருமாளே பார்க்கக் கீழே இறங்கி வந்துவிடுவார் என்பான்.

அந்த வருஷம் ஒருவனைப் பர்மனென்ட் ஆக்கப் போவதாக மேஸ்திரி ரயிலிலேயே சொல்லிவிட்டார். முறைப்படி அது தோஸ்துக்கு வரவேண்டியது. வேலை நிலைத்தால்தான் மகளை அனுப்புவேன் என்று அவன் மாமனார் பிரசவத்துக்குப் போன பெண்டாட்டியைக் குழந்தையோடு காசிமேட்டிலேயே நிறுத்தி வைத்திருந்தார். அதனால் இந்த முறை காற்றாகப் பறப்பான் என்று நினைத்தேன். அவனோ அடிவாரக் கடையில் மஞ்சள் ஒரு பொட்டலமும் குங்குமம் ஒரு பொட்டலமும் வாங்கி, முதல் படியிலேயே குனிந்துவிட்டான்.

நான் சும்மா விடுவேனா. புடவை எங்கே, தலைக்குப் பூ எங்கே என்று கேட்டேன். பெருமாள் இறங்கி வருகிற சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக் காட்டினேன். அவன் அடுத்த படிக்கு மஞ்சள் எடுத்தான். எங்கள் கூட்டம் முன்னால் போய்விட்டது. எதிரே வந்த ஒரு ஆந்திரா அம்மாள் இவன் பக்தியைக் கண்டு உருகி இவன் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். கல்மண்டபம் சாராயக் கடையில் அந்தக் காலைத் தெரிந்தவர்கள் யாராவது பார்த்திருந்தால் சிரித்தே செத்திருப்பார்கள்.

பாதி மலையில் நிற்கிற காலி கோபுரம் நெருங்கும்போதுதான் கவனித்தேன். மஞ்சள் வைக்க ஒரு நொடி போதும். இவன் இரண்டு கையையும் படியில் ஊன்றி, தலையைத் தொங்கவிட்டு, அப்படியே நின்றான். பக்கத்தில் குனிந்தேன். ஈர மணலில் தகரத்தை இழுப்பது மாதிரி அவன் நெஞ்சுக்குள் ஒரு சத்தம். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

எத்தனை நாளாக என்று கேட்டேன். சித்திரையிலிருந்து என்றான்.

"வேணாம் மாமே, எறங்கிடலாம்" என்றேன்.

"எறங்கினா வேல போச்சு. பொஞ்சாதியும் போச்சு. நீ கம்முனு வா."

கோபுரம் தாண்டினால் வெகுதூரம் சமநடை. அங்கே தோளில் கை போட்டு, பழைய தோஸ்துகள் கொஞ்சிக்கொண்டு போகிற மாதிரி அவனை நடத்திப் போனேன். கடைசியில் வருகிறது முழங்கால் மேடு, சுவர் மாதிரி ஏறுகிற படிகள். அதை மண்டியிட்டு ஏறுவது ஒரு வேண்டுதல். பெருமாளுக்கு என்ன இஷ்டமோ தெரியாது, அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர் எங்கள் பட்டறையில் வேலை பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். தோஸ்து மண்டியிட்டான். நானும் மண்டியிட்டேன். மஞ்சளை நான் தடவினேன், குங்குமத்தை அவன் வைத்தான், ஒவ்வொரு பொட்டுக்கும் அவன் மூச்சு திரும்பும்வரை நான் கண்ணை மூடி உரக்கக் கோவிந்தா சொன்னேன். அந்தச் சத்தத்தில் அவன் இருமல் அமுங்கியது. என் வாழ்நாளில் அவ்வளவு பயந்து நான் சாமி கும்பிட்டதில்லை.

மேலே மேஸ்திரி சுண்டல் தின்றுகொண்டிருந்தார். முட்டி தேய்ந்து, கையெல்லாம் மஞ்சளாக நாங்கள் வந்து விழுந்ததைப் பார்த்ததும் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தோஸ்து மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினான். இதோடு தொலைந்தது என்று நினைத்தேன்.

மேஸ்திரி மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார்: "பாத்துக்கோங்கடா. பக்தி முத்திப் போய் மூச்சு வாங்குது இவனுக்கு."

ஐப்பசியில் தோஸ்து பர்மனென்ட் ஆனான். பெண்டாட்டியும் குழந்தையும் வீட்டுக்கு வந்தார்கள். மலையையே மண்டியிட்டு ஏறின நெஞ்சு என்று மெச்சி, மேஸ்திரி அவனைத் தூள் அதிகம் பறக்கிற உள்கொட்டகைக்குப் போட்டார். அங்கே வெல்லம் இரண்டு துண்டு. அதில் ஒன்றை எனக்குக் கொண்டுவந்து கொடுப்பான். வாங்கித் தின்னும்போது எனக்கு வயிறு எரியும்.

அடுத்த புரட்டாசிக்கு அவன் வரவில்லை, பர்மனென்ட் ஆனவனுக்கு மலை எதற்கு. கொட்டகையிலிருந்து வீட்டுக்கு நடக்கவே வழியில் இரண்டு இடத்தில் உட்காருகிறான் என்று அவன் பெண்டாட்டி என்னிடம் சொல்லியிருந்தாள். அலிபிரியில் எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் மஞ்சள் கடையில் மொய்த்தார்கள். மேஸ்திரி பூரித்துப் போய், பட்டறையில் பக்தி வளர்ந்துவிட்டது என்றார். எவன் பெருமாளுக்காகக் குனிகிறான், எவன் மூச்சுக்காகக் குனிகிறான் என்று நான் யாரையும் கேட்கவில்லை. அவர்களோடு நின்று நானும் ஒரு பொட்டலம் வாங்கினேன்.