லோஞ்சில் நடந்த மிச்சக் கூட்டம்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எழுத்துக்கும் எனக்கும் அவ்வளவு பொருத்தமில்லை. நேற்றுத் திருகோணமலை இறங்குதுறையில் மூதூருக்குப் போகும் லோஞ்ச் படகு டீசல் புகையைக் கக்கிக்கொண்டு ஊதியதும் ஐந்தாம் வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது எங்கள் மூதூர்ப் பள்ளியில் கணக்குக்கு வாத்தியார் இல்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமான படிப்பு வேண்டுமென்று கடலுக்கு இக்கரையில், திருகோணமலைப் பட்டினத்தில் கூட்டம் போட்டார்கள். பெற்றோரோடு நாங்களும் லோஞ்சில் போனோம். பட்டினத்துப் பெரியவர்கள் சமத்துவம் பற்றிப் பேசி முடிப்பதற்குள் கடைசி லோஞ்ச் ஊதிவிட்டது. எங்கள் ஆட்களின் முறை வரவேயில்லை.

என் கூட்டாளி நசீரின் உம்மா எழுந்தார்.

"ஐயா, இந்த லோஞ்சை விட்டா நாங்க வீட்ட போக ஏலாது. மிச்சத்தக் கடல்ல கதைப்பம், வாங்க."

கூட்டத்தை நடத்திய கல்வி அதிகாரி சிரித்தார். உம்மா சிரிக்கவில்லை.

"உங்கட கதைய நாங்க கேட்டம்தானே. எங்கட கதைய ஆர் கேக்கிற?"

அதிகாரி சப்பாத்தோடு லோஞ்சில் ஏறினார். கொட்டியாரக் குடாவின் அலையில் கம்பியை இறுக்கிப் பிடித்தபடி எல்லாத் தாய்மாரின் கதையையும் கேட்டார். இறங்கி ஓட வழியில்லையே. திரும்பிப் போக லோஞ்ச் இல்லாததால் ஊரிலேயே தங்கி, காலையில் எங்கள் வகுப்பையும் பார்த்தார். அடுத்த பள்ளித் தவணை தொடங்கும்போது கணக்கு வாத்தியார் வந்துவிட்டார்.

"உன்ர உம்மாவாலதான்டா என்ர நிம்மதி போனது," என்று நேற்று பக்கத்தில் நின்ற நசீரிடம் சொன்னேன்.

"அதுக்கென்னடா, இப்ப அந்தப் பள்ளியில கணக்குப் படிப்பிக்கிறது நான்தான், வகுப்புக்கு வந்து கடைசி வாங்குப் பலகையில இரு."