ஃபோர்மேனின் சீப்பு

அந்த நாவலின் கடைசிப் பக்கத்தில் இன்றும் ஒரு கறுப்புச் சீப்பு இருக்கிறது. இரண்டு பல் உடைந்தது. எங்கள் ஃபோர்மேனுடையது.

எழுபதுகளின் தொடக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் நான் டைம் ஆபீஸ் குமாஸ்தா. பரிசு வாங்கிய நாவல் என்று பேப்பரில் பார்த்து, பேரே கேள்விப்படாத ஓர் ஆசிரியரின் புத்தகத்தை வாங்கி வந்திருந்தேன். சாப்பாட்டு இடைவேளையில் ஆளாளுக்கு எண்ணெய்க் கையோடு அதைப் புரட்ட வந்தார்கள். "ஐயையோ, தொடாதீங்க, நானே படிச்சுக் காட்டறேன்" என்றேன். அப்படித்தான் மாட்டிக்கொண்டேன்.

முதல் நாற்பது பக்கமும் ஒரு கிணற்றைப் பற்றிய வர்ணனைதான். "பரிசு குட்த்தவன் இத்தப் படிச்சானா சார்?" என்றார் ஃபோர்மேன். கேட்டாரே தவிர, எழுந்து போகவில்லை. அவருக்குச் சுருள் சுருளாக முடி. அதில் கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. வாரிக்கொண்டேதான் கதை கேட்பார். நிறைமாதப் பெண்ணொருத்தி புருஷனோடு கோபித்துக்கொண்டு தனியாகப் பஸ் ஏறியதும் சீப்பு நின்றது. நான் வீட்டில் முந்திப் படித்துவிடக் கூடாதென்று புத்தகத்தைத் தன் டூல் அலமாரியில் வைத்துப் பூட்டினார். என் புத்தகத்தை!

ஒரு சனிக்கிழமை, நடுவழியில் பஸ் நின்று அவளுக்கு வலி எடுத்த வரியில் இடைவேளை முடிந்து ஆலைச் சங்கு ஊதிவிட்டது. திங்கட்கிழமை ஃபோர்மேன் முகமே சரியில்லை.

"அந்தப் பொண்ணு நல்லபடியா பெத்துப் பொழச்சா, எம்பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடியே மொட்டை போடறேன்னு திருவேற்காட்டு அம்மனுக்கு வேண்டிக்கினேன் சார்."

கல்யாணமோ அடுத்த மாதம். பெண்ணைப் பெற்றவர் மொட்டைத் தலையோடு மணமேடையில் நின்றால் ஊரே துக்கம் விசாரிக்காதா!

அன்றே முடிவைப் படித்தேன். 'மழை வலுத்தது. முற்றும்.' அவ்வளவுதான். பிழைத்தாளா, போனாளா, மூச்சே இல்லை. கேண்டீன் கொதித்தது. ஆசிரியருக்கே கார்டு போட்டுக் கேட்டேன். "அவ செத்துட்டான்னு எய்திட்டா உன் முடி தப்பிச்சிது அண்ணாத்தே" என்றார் லேத் ஆபரேட்டர். "த்தூ, வாயக் கய்வு!" என்று பாய்ந்தார் ஃபோர்மேன்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது: 'எனக்கும் தெரியாது.'

"எய்துனவனுக்கே தெரியலியா!" என்று கத்தியவர், கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப அந்தப் பொண்ணுக்கு நம்பள வுட்டா யாரும் இல்ல சார்" என்றார் கடைசியில்.

அந்த வெள்ளிக்கிழமையே மொட்டை போட்டுக்கொண்டார். கல்யாணத்தில் பாதிப் பேர் அவர் கையைப் பிடித்து, "எப்ப தவறினாங்க?" என்று கேட்டார்கள். அவர் மனைவி ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. "முடி வளர்ற வரிக்கும் புக்குல அடையாளம் வச்சிக்க சார்" என்று சீப்பை என்னிடம் கொடுத்தவர், முடி வளர்ந்த பிறகும் திருப்பிக் கேட்கவில்லை.

இப்போது என் தலைக்கும் சீப்பு தேவையில்லை. எப்போதாவது அந்தக் கடைசிப் பக்கத்தைத் திறப்பேன். மழை அப்படியே வலுத்துக்கொண்டிருக்கும். எழுதியவருக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியும், அவள் பிழைத்துவிட்டாள். மொட்டை போட்டாயிற்றே.