ஏகாதசியன்று அம்மா சாப்பிட்ட வலிப்பொடி

அம்மா எங்களை விட்டுப் போய் வருஷம் திரும்புகிறது. அவரது பொறுமையையும் கைமணத்தையும் இந்த நினைவு மலரைப் பெறும் நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். ஆகவே நான் அவரது மூட்டுவலியைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

அம்மா சுசீந்திரத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே மணமாகி பத்மநாப சுவாமி கோயிலுக்கு அருகே உள்ள ஸ்ரீவராகத்துக்கு வந்தார். பிரசவங்கள், மாமியாரின் நீண்ட நோய், கிணற்றிலிருந்து சுமந்த தண்ணீர் எதற்கும் முகம் சுளித்ததில்லை. நாடு சுதந்திரம் அடைந்த வருஷத்து மழையில் முதலில் விரல் கணுக்கள் வீங்கின. பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கால். காலையில் கைகளை வெந்நீரில் வைத்திருந்து, விரல்கள் மடங்கிய பிறகே அடுப்பை மூட்டுவார். தைலம், ஆமணக்கிலை ஒத்தடம், மணல் கிழி எல்லாம் சிறிது உதவின. ஆனால் கோயிலுக்கு நடப்பது நின்றுபோயிற்று. வலிக்கு அழாத அம்மா அதற்கு அழுதார்.

டாக்டர் வெள்ளைப் பொடிப் பொட்டலங்கள் கொடுத்தார். சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் என்று அழுத்திச் சொன்னார். சில வாரங்களில் அம்மா பத்மநாப சுவாமி கோயிலுக்கு நடந்தே போனார்.

"இவளோட போனா நான் பின்னாலே ஓடவேண்டியிருக்கு, கேட்டேளா! தாலூக்கா கச்சேரிப் பியூன் மாதிரி ஆயிட்டேன்," என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

ஏகாதசியில் அம்மாவுக்குத் துளசி தீர்த்தம் மட்டும்தான். அன்றுதான் பிராகாரக் கல்லில் பிரதட்சிணம் அதிகம், வலியும் அதிகம். சாப்பாடே இல்லாத நாளில் பொடியை எப்போது எடுப்பது? மருந்தால் விரதம் கெடாது என்று, கோயிலுக்குப் புறப்படும்போது ஒரு பொட்டலமும் திரும்பியதும் ஒன்றும் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டிருக்கிறார். நாங்கள் வேலைக்குப் போன பிறகு நடந்ததால் இதை அப்போது அறியவில்லை.

சென்ற வருஷம் அம்மாவின் முகம் வெளுக்கத் தொடங்கியது. தெருவில் அதைப் பாராட்டினார்கள்.

"வலி போனதும் என்ன நிறம் வந்துடுத்து பாரு! கல்யாணப் பொண்ணு தோத்தாள்," என்றார் அடுத்தகத்து மாமி.

அம்மா சிரித்தார். சிரித்து முடிக்குமுன் மூச்சு வாங்கியது.

ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்வது என் வேலை. அம்மாவின் இமையை விலக்கிப் பார்த்தேன். உட்புறத்தில் சிவப்பே இல்லை. நகங்கள் குழிந்திருந்தன.

"அம்மா, வெளிக்குக் கறுப்பாப் போறதா?"

"சீ! பொண்ணு கேக்கற கேள்வியா இது?"

"அப்போ விரல்லேர்ந்து ஒரு சொட்டு ரத்தம் எடுக்கறேன். நாளைக்கே."

"நாளைக்கு ஏகாதசியாக்கும். ஏகாதசியும் அதுவுமா ரத்தம் எடுப்பாளா? துவாதசி பாரணை ஆகட்டும். அப்புறம் குப்பி நிறைய எடுத்துக்கோ, போ."

அப்பாவும் சொல்லிப் பார்த்தார். அம்மா இசையவில்லை.

மறுநாளும் கோயிலுக்கு நடந்தார். துவாதசி காலையில், விரதம் முடிக்கும் பாரணைக்கு அகத்திக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், "தலை சுத்தறதுடி" என்று சொல்லிச் சாய்ந்தார். காப்பிச் சக்கை போலக் கறுப்பாக வாந்தி வந்தது. வயிற்றுப் புண்ணிலிருந்து பல மாதங்களாக ரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில். ரத்தம் ஏற்ற ஏற்பாடு செய்துகொண்டிருக்கும்போதே அம்மாவின் உயிர் பிரிந்தது.

வெறும் வயிற்றில் பொடி போட்ட விஷயத்தை அடுத்தகத்து மாமிதான் அழுதுகொண்டே சொன்னார். "கறுப்பாப் போறதுன்னும் எங்கிட்டே சொன்னா. பழைய பித்தம் கழியறதுன்னு நெனச்சோம், குழந்தே."

வண்டி பிடித்துத் தந்தவர்களுக்கும், ரத்தம் கொடுக்க ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்து நின்ற எங்கள் தெருக்காரர்களுக்கும், காரியம் முடியும்வரை சமைத்துப் போட்ட மாமிமார்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

துக்கம் கேட்க வந்தவர்களில் சிலர், அம்மாவை அப்படி நடக்கவைத்த பொடி எது என்று என்னைத் தனியே அழைத்துக் கேட்டார்கள். நான் சொல்லவில்லை. வேறெங்கோ விசாரித்து வாங்கிவிட்டார்கள் என்று இப்போது அறிகிறேன். அவர்களுக்காகவே இதை எழுதினேன். டாக்டரைக் கேளாமல் அதைத் தொடாதீர்கள். மலம் கறுத்தாலோ, முகம் வெளுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ, என்ன திதி என்று பார்க்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

அடுத்த வாரம் ஏகாதசி வருகிறது. பொடி வைத்திருப்பவர்கள் அன்று விரதத்தை விடுங்கள், அல்லது பொடியை விடுங்கள்.