குன்வோர் கல்லான ஏழு நிமிடங்கள்

"நகருடா, நகரு! நேத்தே சொன்னேன்ல?"

பனி தள்ளும் வண்டியைச் சாலை வளைவில் நிறுத்திவிட்டு, காலை ஆறு மணிக்குக் குன்வோர் அத்தை ஒரு பாறையைத் திட்டிக்கொண்டிருப்பார். பாறை நகராது. அதன் தலைப்பனியைக் கையுறையால் தட்டிவிட்டு, தன் பெரிய மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி வண்டி ஏறுவார்.

எங்கள் நார்வேப் பள்ளத்தாக்கில் கிறுக்குப் பிடித்தவர்களை மலைப்பூதம் என்போம். அதில் பாதி கேலி, பாதி பாசம். குன்வோருக்கு அறுபத்து மூன்று வயது, விளக்குமாற்றுத் தலைமுடி, சட்டைப்பையில் எப்போதும் காய்ந்த மீன். "பூதமே, கையெழுத்துப் போடு" என்பார் தபால்காரர். "பூதத்துக்கு ஏதுய்யா கையெழுத்து? நகக்கீறல்தான்!"

நவம்பரில் மலைக்குப் பின்னால் போகும் சூரியன் ஜனவரி இருபத்தொன்பதில்தான் மலையிடுக்கில் எட்டிப் பார்க்கும். அதுவும் ஏழே நிமிடம். அன்று ஊரே பள்ளிக்கூடப் படிகளில் நின்று, ஜாம் வைத்த சூரிய பன் தின்னும். குன்வோர் மட்டும் திரையை இழுத்து மூடிக்கொள்வார். "வெயில் பட்டா பூதம் கல்லாயிடும். ஆள விடுங்க!"

இந்த வருடம் குன்வோரின் எதிர்வீட்டு ஆஸ்பியோர்க் பாட்டி இடுப்பெலும்பு முறிந்து சன்னலோரக் கட்டிலில் கிடந்தார். எழுபத்து நான்கு வயதில் ஒரு சூரிய நாளைக்கூட அவர் தவறவிட்டதில்லை. ஆனால் அந்தச் சன்னலுக்கும் மலையிடுக்குக்கும் நடுவே குன்வோரின் ஊசியிலை மரம் நின்றது.

"வெட்டுடின்னு பதினோரு வருஷமா கத்துறேன், கேட்டியா? இந்த வருஷம் எனக்குச் சூரியனே இல்ல!" என்று ஆஸ்பியோர்க் விம்மினார்.

"மரம் உன்ன என்ன பண்ணுச்சு? பேசாம படு, கிழவி!" குன்வோர் கதவை அறைந்துவிட்டுப் போனார். ஊரே கொதித்தது. பூதத்துக்கு நெஞ்சும் கல்தான் என்று நானும் சொன்னேன்.

சூரிய நாளன்று ஆஸ்பியோர்க்குக்கு பன் எடுத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே நின்றுவிட்டேன். மரத்தின் உச்சியில் ஒரு கயிறு. அதன் மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு, கால்களை அகட்டி, குன்வோர்!

"வண்டியில கட்டி இழுக்கலாமே?" என்றேன்.

"வண்டிக்கு வலி தெரியாது. முறிச்சிடும்."

மலையிடுக்கில் பொன் கசிந்தது. குன்வோர் பின்னால் சாய்ந்தார். உச்சி வளைந்தது. வெயில் தாவிப்போய் ஆஸ்பியோர்க்கின் நனைந்த கன்னத்தில் விழுந்தது. குன்வோரின் மூக்கிலும் விழுந்தது.

பள்ளிக்கூடப் படிகளிலிருந்து பிள்ளைகள் ஓடிவந்தார்கள். "பூத அத்தை! வெயில் பட்டுடுச்சு! கல்லாயிடு!"

சுன்னிவா என்ற சிறுமி எம்பி, பாதி பன்னை அவர் வாயில் திணித்தாள். "தின்னு அத்தை!"

ஜாம் மோவாயில் வழிந்தது. மெல்லாத பன் பல்லிடுக்கில், இறுகிய கயிறு கையில், கண்கள் எதிர்வீட்டுச் சன்னலில். சூரியன் மறையும்வரை குன்வோர் இமைகூட அசைக்கவில்லை.